பிறர் தயாரித்த வரி அறிக்கையில் பிழை நேர்ந்தால்

வருமான வரி அறிக்கை என்பது ஒருவர் தம் ஓராண்டு வருமானத்தைப் பற்றி அரசுக்குத் தாமே அளிக்கும் வாக்குமூலமாகும். பேச்சு வழக்கில் இதனை ‘ரிட்டர்ன்’ என்கிறோம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு மட்டும், 2024 ஜூலை 31-ஆம் தேதிக்குள் 7.28 கோடிக்கும் மேற்பட்ட அறிக்கைகள் தாக்கலாயின. இவற்றை அளித்தோர் அனைவரும் படிவத்தைத் தாமே நிரப்பியவர்கள் அல்லர். ஆடிட்டர் அலுவலகம், வரி ஆலோசகர், கடைத்தெருவிலுள்ள கணினி நிலையம், அலுவலகத்தில் உடன் பணிபுரியும் விவரமறிந்த நண்பர் என்று யாரேனும் ஒருவரிடம் தாள்களைக் கொடுத்துவிட்டு, முடிந்தது என்று நிம்மதி கொள்வோர் ஏராளம். இதில் தவறேதும் இல்லை. சட்டம் சிக்கலானது, அதை அறிந்தவரின் துணையை நாடுவது இயல்பே.

ஆனால் அந்தத் துணைவர் பிழை செய்துவிட்டால் என்ன ஆகும்? இக்கேள்வி பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகள் கழித்தே, ஒரு நோட்டீஸின் வடிவில் வந்து சேருகிறது. அப்போது பலரும் செய்வது என்னவெனில், நோட்டீஸை எடுத்துக்கொண்டு கணக்கரிடம் சென்று வாதாடுவதுதான். அவர் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்பார். மாதங்கள் கழியும். பிழையைத் திருத்துவதற்குச் சட்டம் அளித்திருந்த காலக்கெடுவும் அவற்றோடு கழிந்துவிடும். கணக்கருடன் உள்ள வழக்கும் அரசுடன் உள்ள கணக்கும் வெவ்வேறானவை. பின்னதற்குக் கெடு உண்டு, ஆகவே அதையே முதலில் கவனிக்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்குக் குறிப்பிடப்படும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தைச் சார்ந்தவை. 2025-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ஆம் தேதியை நடைமுறைத் தேதியாகக் கொண்டது. எனினும் அத்தேதிக்கு முன் ஈட்டிய வருமானம் பற்றிய அறிக்கைகளுக்கும் அவற்றின் திருத்தங்களுக்கும் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், இப்பிரிவுகளின் பயன் இன்னும் சில ஆண்டுகளுக்குத் தொடரும்.

பொறுப்பு யாருக்கு?

சட்டத்தின் 140-ஆவது பிரிவு, தனிநபரின் அறிக்கையை அவரே சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும் என்கிறது. அவர் வெளிநாட்டில் இருந்தாலோ, வேறு காரணத்தால் இயலாவிட்டாலோ மட்டுமே முறையான அதிகாரப் பத்திரம் பெற்ற மற்றொருவர் அதைச் செய்யலாம். தயாரித்தவர் யாராயினும், உறுதி செய்தவரின் சொல்லாகவே அவ்வறிக்கை கருதப்படுகிறது. 277-ஆவது பிரிவு பொய்யான உறுதிமொழிக்குச் சிறைத் தண்டனை விதிக்கவும் இடமளிக்கிறது.

முன்பு இவ்வுறுதிமொழி காகிதத்தில் இடும் கையெழுத்தாக இருந்தது. கையெழுத்திடுமுன் தாளை ஒருமுறையேனும் புரட்டிப் பார்க்கும் வழக்கம் இருந்தது. இன்று கைபேசிக்கு வரும் ஆறிலக்க எண் கையெழுத்தாகிவிட்டது. கணக்கர் தொலைபேசியில் அழைத்து ‘ஒரு எண் வந்திருக்கும், சொல்லுங்கள்’ என்கிறார். நாம் பேருந்தில் நின்றபடியே சொல்லிவிடுகிறோம். அந்த எண்ணைச் சொல்வதுதான் கையெழுத்திடுவது என்பதைப் படித்தவர்களிலேயே பலர் உணர்வதில்லை.

மற்றொன்றையும் இங்கு நினைவில் கொள்ளுதல் நலம். ஒரு காலத்தில் வரி அதிகாரி கணக்குப் புத்தகங்களை வரவழைத்து, வரி செலுத்துவோரையோ அவர் பிரதிநிதியையோ எதிரில் அமர்த்தி மதிப்பீடு செய்வார். பிழை இருந்தால் அங்கேயே வெளிப்பட்டுவிடும். 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றங்களுக்குப் பின், மிகப் பெரும்பாலான அறிக்கைகள் விசாரணையின்றியே ஏற்கப்படுகின்றன. இன்று பெங்களூரில் உள்ள மைய அலுவலகத்தில் கணினி அவற்றைப் பரிசீலித்து, 143(1) பிரிவின்படி ஓர் அறிவிப்பை அனுப்புகிறது. கூட்டல் பிழையையும், பார்த்த அளவிலேயே தவறெனத் தெரியும் கோரிக்கையையும் அது கண்டுபிடிக்கும். கொடாத நன்கொடையைக் கொடுத்ததாக எழுதியிருந்தால் கண்டுபிடிக்காது. ஆகவே அறிவிப்பு வந்துவிட்டது, ரீஃபண்டும் வங்கிக்கு வந்துவிட்டது என்பதால் அறிக்கை சரியானதென்று ஆகிவிடாது.

முதலில் செய்ய வேண்டியது

பிழை என்று ஐயம் எழுந்தவுடன், தாக்கலான அறிக்கையின் முழுப் படியையும் வருமானக் கணக்கீட்டுத் தாளையும் பெற வேண்டும். கணக்கர் தரத் தாமதித்தால் வரித் துறையின் இணையதளத்திலிருந்து அறிக்கையை நாமே எடுத்துக்கொள்ளலாம். இங்கேதான் பலருக்கு முதல் அதிர்ச்சி காத்திருக்கிறது. தம் பெயரிலுள்ள கணக்கின் கடவுச்சொல் தமக்குத் தெரியாது. பதிவாகியிருக்கும் மின்னஞ்சல் முகவரியும் கைபேசி எண்ணும் கணக்கருடையவை. துறை அனுப்பிய கடிதங்கள் யாவும் அவருக்கே சென்றிருக்கும். பான் எண்ணும் ஆதாரும் கொண்டு கடவுச்சொல்லை மாற்றி, தொடர்பு விவரங்களைத் தம்முடையதாக்கிக் கொள்வதே முதற்பணி. வேறெந்தத் திருத்தமும் இதன் பின்னரே.

அடுத்து, அறிக்கையை மூன்று ஆவணங்களோடு ஒப்பிட வேண்டும். ஊதியம் தருவோர் அளிக்கும் 16-ஆம் எண் படிவம் ஒன்று. பிடித்தம் செய்யப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவம் மற்றொன்று. 2021 நவம்பரில் துறை அறிமுகம் செய்த ஆண்டுத் தகவல் அறிக்கை மூன்றாவது. வங்கி வட்டி, பங்கு விற்பனை, ஈவுத்தொகை முதலியவை இந்த மூன்றாவதில் தொகுத்துக் காட்டப்படுகின்றன. கணக்கர்கள் விட்டுவிடும் வருமானத்தில் பெரும்பகுதி இதில்தான் தென்படும். வைப்பு நிதி வட்டிக்கு வங்கியே வரி பிடித்துவிட்டது, ஆகவே அதைக் காட்டத் தேவையில்லை என்னும் தவறான எண்ணம் இன்னும் மறையவில்லை.

ஒப்பிட்டால் பிழை மூன்று வகைகளுள் ஒன்றாக இருக்கக் காணலாம். வரி குறைவாகக் கட்டப்பட்டிருக்கும். அல்லது அதிகமாகக் கட்டப்பட்டிருக்கும். அல்லது வரித்தொகை சரியாக இருந்தும் ஏதோ ஒரு படிவமோ நடைமுறையோ விடுபட்டிருக்கும். எந்த வகை என்பதைப் பொறுத்தே வழி அமைகிறது.

திருத்திய அறிக்கையும் அதன் கெடுவும்

எல்லா வகைப் பிழைக்கும் ஏற்ற எளிய மருந்து, 139(5) பிரிவு கூறும் திருத்திய அறிக்கையாகும். வரி கூடினாலும் குறைந்தாலும் இதைத் தாக்கல் செய்யலாம். பழைய அறிக்கையின் இடத்தைப் புதியது பிடித்துக்கொள்ளும். பிழையைத் தாமே உணர்ந்து திருத்தியவர் மீது துறை பொதுவாகச் சினம் கொள்வதும் இல்லை. ஆனால் 2021-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதற்கான காலத்தை மூன்று மாதம் சுருக்கி, மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31 என நிர்ணயித்தது. இத்தகைய கெடுக்கள் நிதிச் சட்டங்கள்தோறும் மாறக்கூடியவை. ஆகவே தம் ஆண்டுக்குரிய கெடுவை ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இக்கெடுவுக்கும் துறையின் அறிவிப்புக்கும் உள்ள இடைவெளி கவனிக்கத்தக்கது. 2024 ஜூலையில் ஒருவர் அறிக்கை தாக்கல் செய்தார் என்று கொள்வோம். நிதியாண்டு 2025 மார்ச் 31-இல் முடிகிறது. அதிலிருந்து ஒன்பது மாதம் வரை, அதாவது 2025 டிசம்பர் 31 வரை, 143(1) அறிவிப்பை அனுப்பத் துறைக்கு அவகாசம் உண்டு. அவருடைய திருத்திய அறிக்கைக்கான கெடுவோ 2024 டிசம்பர் 31-இலேயே முடிந்துவிட்டது. அறிவிப்பைக் கண்ட பின்னரே பிழையை அறிபவருக்கு, மிக எளிய வழி ஓராண்டுக்கு முன்பே அடைபட்டிருக்கக்கூடும். துறை சொல்லட்டும் என்று காத்திராமல், தாக்கல் செய்த ஓரிரு மாதங்களுக்குள் நாமே சரிபார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

படிவம் விடுபடும் பிழைக்கு அரசு ஊழியர்களிடையே அடிக்கடி காணப்படும் ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம். நாகபுரியில் பணிபுரியும் ரயில்வே ஊழியர் ஒருவருக்கு மூன்றாண்டு ஊதிய நிலுவை ஒரே ஆண்டில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருமானம் திடீரென உயர்ந்ததால் வரி விகிதமும் உயரும். இச்சுமையைத் தணிக்கவே 89-ஆவது பிரிவு நிவாரணம் அளிக்கிறது. ஆனால் அந்நிவாரணத்தைக் கோருவோர் 10-இ என்னும் படிவத்தை இணையதளத்தில் அறிக்கைக்கு முன்பே தாக்கல் செய்ய வேண்டும். கணக்கர் நிவாரணத் தொகையைச் சரியாகக் கணக்கிட்டு அறிக்கையில் எழுதிவிட்டு, படிவத்தை மறந்துவிடுகிறார். கணினி நிவாரணத்தை மறுக்க முனைகிறது. அவ்வாறு மாற்றுமுன் துறை ஒரு முன்னறிவிப்பு அனுப்பும். 30 நாட்களுக்குள் விடையளிக்கலாம். அது கணக்கரின் மின்னஞ்சலில் உறங்கினால், அடுத்து வருவது வரி கேட்கும் ஓலைதான். கெடு முடியவில்லையெனில் படிவத்தைத் தாக்கல் செய்து, அதன்பின் திருத்திய அறிக்கை அளித்தால் இச்சிக்கல் தீர்ந்துவிடும்.

திருத்தவே இயலாத பிழைகளும் சில உண்டு. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் புதிய வரிமுறையே இயல்பான முறையாகும். பழைய முறையின் கழிவுகளை விரும்பும் ஊதியதாரர், உரிய தேதிக்குள் தாக்கல் செய்யும் அறிக்கையில் அவ்விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும். கணக்கரின் மெத்தனத்தால் அறிக்கை ஒரு நாள் பிந்தினாலும் அவ்வுரிமை போய்விடும். மூலதன நட்டத்தை வரும் ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லும் உரிமையும் அவ்வாறே. தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், சிறு வருமானத்தினருக்கு 1,000 ரூபாய் என்று சட்டம் விதித்திருப்பது வெளியே தெரியும் இழப்பு. இழந்த உரிமையின் மதிப்பு பல வேளைகளில் அதைவிட மிகப் பெரிது.

அகன்ற வாயிலும் குறுகிய வாயிலும்

திருத்திய அறிக்கையின் கெடு முடிந்தபின் சட்டம் இருவகையாக நடந்துகொள்கிறது. வரி குறைவாகக் கட்டியவருக்கு வழி அகலமானது. 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 139(8ஏ) பிரிவின் வாயிலாகப் புதுப்பித்த அறிக்கை என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 24 மாதம் வரை என்றிருந்த அவகாசத்தை 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 48 மாதமாக நீட்டித்தது. செலுத்த வேண்டிய வரியோடும் வட்டியோடும் கூடுதல் வரி ஒன்றைச் சேர்த்துக் கட்ட வேண்டும். முதல் 12 மாதத்தில் 25 விழுக்காடு, இரண்டாவது 12 மாதத்தில் 50, மூன்றாவதில் 60, நான்காவதில் 70 விழுக்காடு என்பது அதன் அளவு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 20 விழுக்காடு வரி வரம்பிலுள்ள ஒருவரின் அறிக்கையில், தகுதியற்ற 2 லட்சம் ரூபாய் கழிவு கோரப்பட்டிருந்தது. குறைந்த வரி 40,000 ரூபாய். 4 விழுக்காடு செஸ் சேர்த்து 41,600 ரூபாய். வட்டியை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், முதலாண்டிலேயே திருத்துபவர் கூடுதலாகக் கட்டுவது 10,400 ரூபாய்; இரண்டாமாண்டில் 20,800 ரூபாய்; நான்காமாண்டில் 29,120 ரூபாய். துறையே கண்டுபிடித்து, அது தவறான தகவலால் விளைந்தது என்று முடிவு செய்தாலோ, 270ஏ பிரிவின்படி வரியில் 200 விழுக்காடு, அதாவது 83,200 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். சோதனை நடவடிக்கைக்கு உள்ளானவர்களுக்குப் புதுப்பித்த அறிக்கை வழி கிடையாது.

வரியை அதிகமாகக் கட்டிவிட்டவரின் நிலை வேறு. புதுப்பித்த அறிக்கையால் வரியைக் குறைக்கவோ ரீஃபண்டைக் கூட்டவோ முடியாது. மேற்சொன்ன அதே வரம்பிலுள்ள மற்றொருவருக்கு, 80-சி பிரிவின் 1,50,000 ரூபாய் கழிவைக் கணக்கர் கோர மறந்துவிட்டார் எனில் இழப்பு 31,200 ரூபாய். இதை மீட்க 154-ஆவது பிரிவின்படி பிழைதிருத்தம் கேட்கலாமே என்று தோன்றும். ஆனால் அப்பிரிவு, ஆவணத்தைப் பார்த்த மாத்திரத்தில் புலப்படும் பிழைக்கே உரியது. நீண்ட வாதத்தால் நிறுவ வேண்டிய எதுவும் அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1971-இல் வோல்கார்ட் பிரதர்ஸ் வழக்கில் வரையறுத்தது. துறையின் கணக்கீட்டில் நேர்ந்த பிழை, காட்டியிருந்தும் கணக்கில் சேராத வரிப் பிடித்தம் போன்றவற்றுக்கு இது நல்ல வழி. உத்தரவு பிறந்த நிதியாண்டின் முடிவிலிருந்து நான்கு ஆண்டு அவகாசமும் உண்டு. அறிக்கையில் கோராத கழிவைப் புதிதாகச் சேர்க்க இது உதவாது. அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்பதும் பயன்தராது. திருத்திய அறிக்கையின்றிப் புதிய கோரிக்கையை மதிப்பீட்டு அதிகாரி ஏற்க முடியாது என்று 2006-இல் கோயட்ஸ் (இந்தியா) வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் அதிகாரத்தை இது பாதிக்காது என்றும் அதே தீர்ப்பு கூறியது.

எஞ்சியிருப்பவை இரண்டு வழிகள். 264-ஆவது பிரிவின்படி ஆணையரிடம் மறுஆய்வு மனு அளிக்கலாம். கட்டணம் 500 ரூபாய். உத்தரவு கிடைத்த ஓராண்டுக்குள் அளிக்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையர் மன்னிக்கலாம். மேல்முறையீட்டு வழியைக் கைவிட்டவர்க்கே இது கிட்டும். வரி செலுத்துவோருக்குப் பாதகமான உத்தரவை இப்பிரிவின்கீழ்ப் பிறப்பிக்க முடியாது என்பது இதன் சிறப்பு. கணினி அனுப்பும் 143(1) அறிவிப்பையும் இப்பிரிவின்கீழ் மறுஆய்வு செய்யலாம் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2016-இல் கூறியிருக்கிறது. மற்றொரு வழி 119(2)(பி) பிரிவு. உண்மையான இன்னல் இருப்பின், காலங்கடந்த ரீஃபண்ட் கோரிக்கையையும் நட்டத்தை முன்கொண்டு செல்லும் கோரிக்கையையும் அனுமதிக்க உயர் அதிகாரிகளுக்கு அது அதிகாரமளிக்கிறது. மதிப்பீட்டு ஆண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் இம்மனுவை அளிக்க வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1-ஆம் தேதிய சுற்றறிக்கையின் விதி.

அரசுக்கு வரவேண்டிய தொகைக்கு இணையதளத்தில் நான்காண்டுகள் திறந்திருக்கும் வாயில். குடிமகனுக்குத் திரும்ப வேண்டிய தொகைக்கு ஓர் உயர் அதிகாரியின் விருப்புரிமை. இவ்வேற்றுமைக்கு நிர்வாகக் காரணங்கள் உண்டு. ஆண்டுதோறும் முடிந்த கணக்குகளை மீண்டும் திறந்துகொண்டிருக்க எந்தக் கருவூலத்தாலும் இயலாது. எனினும் வழக்கறிஞரையோ தேர்ந்த ஆடிட்டரையோ அமர்த்தும் வசதியில்லாத, முந்நூறு ஐந்நூறு ரூபாய்க்குக் கணக்கு எழுதித் தருபவரை நம்பியிருக்கும் சிறு ஊதியதாரரே இதனால் மிகுதியும் இழக்கிறார் என்பதை மறுப்பதற்கில்லை.

பிழையும் மோசடியும்

இதுவரை கூறியவை கவனக்குறைவால் நேர்ந்தவை. கணக்கர் தெரிந்தே பொய்க் கழிவுகளை எழுதியிருந்தால் நிலைமை வேறாகும். 2025 ஜூலை 14-ஆம் தேதி வருமான வரித் துறை நாட்டின் பல பகுதிகளில் 150 இடங்களில் சரிபார்ப்பு நடவடிக்கை மேற்கொண்டது. வீட்டு வாடகைப் படி, அரசியல் கட்சி நன்கொடை, கல்விக் கடன் வட்டி, மருத்துவக் காப்பீடு முதலிய இனங்களில் ஆதாரமற்ற கழிவுகளைக் கோரி, அறிக்கைகளை மொத்தமாகத் தாக்கல் செய்துவந்த இடைத்தரகர்களே அதன் இலக்கு. இதற்கெனவே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உண்டாக்கி, பின்னர் அவற்றைக் கைவிட்டுவிடும் வழக்கத்தையும், அதனால் நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடந்ததையும் துறை சுட்டிக்காட்டியது. முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தம் அறிக்கைகளைப் புதுப்பித்து, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருந்தனர்.

இதன் வேரைப் பொருளாதார நோக்கில் காண்பது பயனுள்ளது. ரீஃபண்டில் ஒரு பங்கைக் கூலியாகப் பெறுபவருக்கு, ரீஃபண்டைப் பெருக்குவதே ஆதாயம். பின்னர் வரும் தண்டமோ அவரைச் சேராது. ஆதாயம் ஒருவருக்கு, ஆபத்து மற்றொருவருக்கு என்றமைந்த எந்த ஒப்பந்தமும் இவ்வாறே முடியும். பட்டயக் கணக்கர்கள் விளைவைப் பொறுத்து அமையும் கட்டணம் வாங்குவதை 1949-ஆம் ஆண்டு பட்டயக் கணக்கர் சட்டம் தொழில் ஒழுக்கக் கேடாக வகைப்படுத்தியிருப்பதன் தத்துவம் இதுதான். 2006-ஆம் ஆண்டு அரசு வகுத்த வரி அறிக்கைத் தயாரிப்பாளர் திட்டம், பயிற்சி பெற்ற பட்டதாரிகளுக்கு, செலுத்தப்பட்ட வரியில் ஒரு சிறு விழுக்காட்டை உச்சவரம்போடு அரசே ஊக்கத்தொகையாக வழங்கும்படி அமைக்கப்பட்டது. ரீஃபண்டைப் பெருக்கும் ஆசைக்கு அதில் இடமில்லை. ‘எவ்வளவு ரீஃபண்ட் வேண்டும்?’ என்று கேட்கும் கணக்கரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

தாம் பெற்ற ரீஃபண்டில் தமக்குத் தகுதியில்லாத பகுதி உண்டு என்றறிந்தவர், அதைக் கணக்கர் செய்தார் என்று கூறி ஒதுங்க முடியாது. பொய் அறிக்கைக்குத் துணைபோனவரையும் தண்டிக்க 278-ஆவது பிரிவு வழிசெய்கிறது என்பது உண்மை. ஆனால் துணைபோனவர் தண்டிக்கப்படுவதால் உறுதிமொழி அளித்தவர் தாமாகவே விடுபடுவதில்லை. விரைந்து புதுப்பித்த அறிக்கை அளிப்பதே அவர் முன்னுள்ள வழி.

நல்லெண்ணத்தோடு நேர்ந்த பிழைக்குச் சட்டம் இரங்காமல் இல்லை. பொருட்கூறுகள் அனைத்தையும் வெளிப்படுத்தி, நேர்மையான விளக்கமும் தருபவரின் தொகை, குறைத்துக் காட்டிய வருமானமாகக் கருதப்படாது என்று 270ஏ பிரிவே கூறுகிறது. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ் என்னும் புகழ்பெற்ற கணக்குத் தணிக்கை நிறுவனமே தன் அறிக்கையில் பணிக்கொடை ஒதுக்கீட்டை வருமானத்தில் சேர்க்கத் தவறியது. அதன் தணிக்கை அறிக்கையில் அவ்விவரம் தெளிவாகவே இருந்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை மறைப்பாகக் கொள்ளாமல், எவருக்கும் நேரக்கூடிய கவனப் பிசகாகக் கொண்டு தண்டத்தை நீக்கியது. எனவே கணக்கரிடம் நாம் என்னென்ன தாள்களைக் கொடுத்தோம் என்பதற்குச் சான்று வைத்திருப்பது மிக முக்கியம். வட்டிச் சான்றிதழைக் கொடுத்தும் அவர் சேர்க்கவில்லை என்பதற்கும், கொடுக்கவே இல்லை என்பதற்கும் இடையே தண்ட நடவடிக்கையில் பெரும் வேறுபாடு உண்டு. மேலும், மதிப்பீட்டு உத்தரவை ஏற்று வரியும் வட்டியும் கட்டி, மேல்முறையீடு செய்யாதவருக்கு, தவறான தகவல் என்னும் கடுமையான வகையில் வராத நேர்வுகளில் தண்டத்திலிருந்து விலக்களிக்க 270ஏஏ பிரிவு உள்ளது. உத்தரவு கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து ஒரு மாதத்துக்குள் இதைக் கோர வேண்டும்.

கணக்கரிடம் கேட்கத்தக்கது

அரசுடன் உள்ள கணக்கைச் சீர்செய்தபின், அல்லது அதற்கான மனுவை அளித்தபின், கணக்கரை நோக்கித் திரும்பலாம். இங்கு ஒரு தெளிவு தேவை. பிழையால் விடுபட்ட வரி, பிழை நேராவிட்டாலும் நாம் கட்டியிருக்க வேண்டியதே. அதைக் கணக்கரிடம் கேட்பதில் நியாயமில்லை. வட்டி, தாமதக் கட்டணம், தண்டம், திருத்தப் பணிக்கு மற்றொருவருக்குக் கொடுத்த கட்டணம், மீட்க முடியாமற்போன கழிவின் மதிப்பு ஆகியவையே பிழையால் விளைந்த இழப்பு. இவற்றைத் தொகை தொகையாகக் குறித்துப் பதிவஞ்சலில் கடிதம் எழுதுவது முறை. பல கணக்கர்கள் இவ்வளவு துல்லியமான கடிதத்தைக் கண்டால் இணங்கிவருவர். மொத்த வரியையும் கேட்டு மிரட்டும் கடிதத்துக்கு விடையே வராது.

இணங்காவிடில், அவர் பட்டயக் கணக்கராயின் இந்தியப் பட்டயக் கணக்கர் நிறுவனத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவிடம் முறையிடலாம். தொழிற்கடமையில் உரிய கவனமின்மையும் பெரும் அலட்சியமும் அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி ஒழுக்கக் கேடாகும். ஆனால் அங்குக் கிடைப்பது தொழில்முறைத் தண்டனையே, இழப்பீடு அன்று. வழக்கறிஞராயின் மாநில வழக்கறிஞர் மன்றம் உண்டு. வழக்கறிஞர் தொழில் நுகர்வோர் சட்டத்தில் அடங்காது என்று 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எந்தத் தொழில் அமைப்பிலும் பதிவு பெறாதவரைக் கட்டுப்படுத்த அத்தகைய மன்றம் ஏதுமில்லை. கட்டணம் பெற்றுச் செய்த சேவையில் குறைபாடு என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரண்டாண்டுகளுக்குள் முறையிடலாம். அதற்கும் ரசீது வேண்டும். ரசீது கொடுக்காதவரிடமே மலிவாக வேலை நடக்கிறது என்பதுதான் இதிலுள்ள இடர்ப்பாடு.

அதிகாரிகள் நினைவில் கொள்ள வேண்டியது

வரித் துறையினருக்கு நெடுங்காலத்துக்கு முன்பே ஓர் அறிவுரை வழங்கப்பட்டிருக்கிறது. 1955 ஏப்ரல் 11-ஆம் தேதி, அன்றைய மத்திய வருவாய் வாரியம் வெளியிட்ட 14-ஆம் எண் சுற்றறிக்கை, வரி செலுத்துவோரின் அறியாமையை அதிகாரிகள் தமக்குச் சாதகமாக்கிக் கொள்ளலாகாது என்றது. உரிய நிவாரணங்களையும் ரீஃபண்டையும் அவர் பெறுவதற்கு உதவுவது அதிகாரியின் கடமைகளுள் ஒன்று என்றும் அது குறிப்பிட்டது. சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் வசூலிக்கப்படலாகாது என்னும் அரசியலமைப்பின் 265-ஆவது ஷரத்தின் நடைமுறை விளக்கமாகவே இதைக் கொள்ளலாம். கணக்கர் மறந்த 31,200 ரூபாய், சட்டப்படி அரசுக்குச் சேர வேண்டிய வரியன்று.

ஆயினும் 264-ஆவது பிரிவின்கீழ் வரும் மனுக்களில் கணிசமானவை, ‘பிழை மனுதாரருடையது’ என்ற ஒற்றை வரியால் தள்ளுபடியாகி, பின்னர் உயர் நீதிமன்றங்களால் திருப்பி அனுப்பப்படுகின்றன. அதிகாரியின் உத்தரவில் பிழை இருந்தால்தான் இப்பிரிவு என்று சட்டம் எங்கும் கூறவில்லை. தம் வழக்கறிஞரின் தவறுக்காகக் கட்சிக்காரர் தண்டிக்கப்படலாகாது என்று 1981-இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு மேல்முறையீட்டில் கூறியது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுக்களில் அக்கருத்து கணக்கர்களின் தவறுக்கும் பொருந்தத்தக்கதே.

மனுதாரர் பக்கத்திலும் குறைகள் உண்டு. ‘என் ஆடிட்டர் ஏமாற்றிவிட்டார்’ என்று நான்கு பக்கம் எழுதும் மனுவில், எந்தக் கழிவு, எவ்வளவு தொகை, எந்தச் சான்று என்பது இராது. அறிக்கையின் படி, 143(1) அறிவிப்பு, காப்பீட்டு ரசீதோ சேமநிதிக் கணக்குத் தாளோ, பிழையில்லாத கணக்கீட்டையும் தாக்கலான கணக்கீட்டையும் அருகருகே காட்டும் ஒரு பக்க அட்டவணை, பிழை எப்போது எவ்வாறு தெரியவந்தது என்று தேதியிட்ட சிறு குறிப்பு, கணக்கருக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஆகியவற்றை இணைத்தால் போதுமானது. இவ்வளவும் இணைந்த மனுவை ஒரு பிற்பகலில் பரிசீலித்து முடித்துவிடலாம்.